6 அடி கடல்நீர் டேங்க், பவுடர் புளூ மீன் மேல் வெள்ளைப் புள்ளி: மெயின் டேங்கிலேயே மருந்து விடலாமா?

#1 குழித்துறைக்காரன்

வணக்கம் மக்களே. இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இப்போது கேள்வியோடு வந்திருக்கிறேன்.

டேங்க் 6×2×2 அடி, 15 மில்லி கண்ணாடி. கீழே 3 அடி சம்ப் (அடித்தொட்டி), அழுக்கை நுரையாக எடுக்கிற ஸ்கிம்மர், நீரோட்டம் தர இரண்டு வேவ்மேக்கர், தண்ணீரைக் குளிர்விக்க அரை எச்.பி. சில்லர். தரைத்தளம், அடியில் கான்கிரீட், அதனால் எடை பற்றிக் கவலை இல்லை. காய்ந்த பாறையும் அரகொனைட் (சுண்ணாம்பு) மணலும் போட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் மீன் விட்டேன். நைட்ரேட் 10. உப்பு 35 பி.பி.டி. (ஆயிரத்துக்கு 35 பங்கு), சூடு 27 டிகிரி.

உள்ளே கோமாளி மீன் ஒரு ஜோடி, ஐந்து பச்சை கிரோமிஸ், ஒரு மூன் ராஸ், கடைசியாக வந்த பவுடர் புளூ என்கிற நீலச் சர்ஜன் மீன். கூடவே மீன் மேலிருக்கும் ஒட்டுண்ணியைப் பொறுக்கித் தின்கிற கிளீனர் இறால் இரண்டு, கொஞ்சம் நத்தை. பவளம் இன்னும் வைக்கவில்லை.

பவுடர் புளூவின் நெஞ்சுத் துடுப்பிலும் வாலிலும் உப்புக்கல் ஒட்டினது போல வெள்ளைப் புள்ளி. பாறையில் போய் உரசுகிறது. நேற்று காலையில் பார்த்தால் பாதி புள்ளி காணவில்லை, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். இன்றைக்கு ஒரு கிரோமிஸ் மேலும் வந்திருக்கிறது. மீன் தந்த கடையில் கேட்டால், "செம்பு மருந்து இருக்கு, அப்படியே டேங்கில் ஊத்துங்க" என்கிறார்கள். ஊற்றலாமா?

#2 நாகர்கோவில்_நீலம்

ஊற்றாதீங்க. முதலில் மூன்று விஷயம் சொல்லுங்க. புள்ளியை எண்ண முடிகிறதா, இல்லை மாவு தூவினது போல நுணுக்கமாக இருக்கிறதா? செவுள் ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை அடிக்கிறது? தீனி எடுக்கிறதா?

#3 குழித்துறைக்காரன்

எண்ணலாம் அக்கா, இருபது முப்பது இருக்கும். செவுள் 80 பக்கம். நோரி (காய்ந்த கடற்பாசி) போட்டால் பாய்ந்து வந்து தின்கிறது.

#4 ரப்பர்தோட்டம்

தம்பி, செம்பு மருந்துக்கு எதற்குப் பெரிய காசு? நம்ம ஊரில் உரக்கடையில் மயில்துத்தம் கிடைக்குமே. ரப்பருக்கு போர்டோ கலவை அடிக்கிறார்களே, அதில் சேர்க்கிறதுதான். அதிலும் இருப்பது செம்புதான். ஒரு சிட்டிகை போட்டால் புள்ளி ஓடிப்போகும். கூடவே பூண்டுச் சாறு தீனியில் கலந்து கொடு.

#5 அலைவாய்

ரப்பர்தோட்டம் அண்ணாச்சி சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது. மீதி முக்கால்வாசி மீனைக் கொன்றுவிடும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது பார்த்தவரைக்கும் கடல் இக். கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்கிற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. நாம் பார்க்கிற வெள்ளைப் புள்ளி அது மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து தின்றுகொண்டிருக்கும் பருவம். மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை அங்கே இருக்கும். அப்புறம் பெரும்பாலும் இருட்டு நேரத்தில் தானாகவே உதிர்ந்து, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு ஓடு கட்டிவிடும். அந்த ஓட்டுக்குள் பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கில் பெருகும். ஓடு உடைந்ததும் குஞ்சு ஒட்டுண்ணிகள் நீந்தி வெளியே வந்து மீனைத் தேடும். ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும்.

நேற்று காலையில் பாதி புள்ளி காணாமல் போனது இதனால்தான். மீன் குணமாகவில்லை, ஒட்டுண்ணி வயிறு நிறைந்து இறங்கியிருக்கிறது. அடுத்த சுற்றில் இதைவிட அதிகமாக வரும். இந்த இடைவெளியில்தான் பூண்டுக்கும், கிளீனர் இறாலுக்கும், பாதித் தண்ணீர் மாற்றினதற்கும் "எனக்கு வேலை செய்தது" என்று சாட்சிக் கடிதம் எழுதுகிறோம்.

மருந்துக்கு வருவோம். தோலுக்கு அடியில் இருக்கும்போது செம்பு அதைத் தொடாது. ஓட்டுக்குள் இருக்கும்போதும் தொடாது. நீந்தி வருகிற அந்தக் குட்டி நேரத்தில் மட்டும்தான் கொல்லும். அதனால் தண்ணீரில் செம்பின் அளவு ஒருநாள்கூட இறங்காமல் 30 நாள் நிற்க வேண்டும். நடுவில் ஒரு ராத்திரி இறங்கினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

மெயின் டேங்கில் அதை நிறுத்தவே முடியாது. உங்கள் மணலும் பாறையும் சுண்ணாம்பு. காலையில் விட்ட செம்பை சாயங்காலத்துக்குள் இழுத்துக்கொள்ளும். நீங்கள் மேலே மேலே ஊற்றுவீர்கள். இறாலும் நத்தையும் முதல் நாளே போய்விடும். பாறைக்குள் போன செம்பு பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், அதில் பவளம் வைக்கிற ஆசையை மறந்துவிட வேண்டியதுதான். மீனுக்குத்தான் மருந்து, டேங்குக்கு இல்லை.

மயில்துத்தம் பற்றி. செம்பு சல்பேட்டால் இக் போகும், அது பழைய வைத்தியம்தான். ஆனால் கூட்டுப்பொருள் சேர்க்காத வெறும் செம்புக்கு 0.15 முதல் 0.20 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) வேண்டும். கீழே போனால் ஒட்டுண்ணி சாகாது, மேலே போனால் மீன் சாகும். 100 லிட்டருக்கு 0.2 என்றால் 20 மில்லிகிராம் செம்பு. துத்தத்தின் எடையில் கால் பங்குதான் செம்பு, ஆக சுமார் 80 மில்லிகிராம் துத்தம். உங்கள் ஒரு சிட்டிகை அதைப்போலப் பல மடங்கு இருக்கும் அண்ணாச்சி. உரக்கடைச் சரக்கில் வேறு என்ன உலோகம் கலந்திருக்கிறது என்பதும் தெரியாது.

#6 ரப்பர்தோட்டம்

சரி, சிட்டிகையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் பூண்டை விடமாட்டேன்.

#7 நாகர்கோவில்_நீலம்

பூண்டு வாசத்துக்கு மீன் நன்றாகச் சாப்பிடும், அதுவரை சரி. மருந்து என்று சொல்லாதவரைக்கும் சண்டை இல்லை.

குழித்துறை தம்பிக்கு ஒன்று. நான் மூச்சு பற்றிக் கேட்டது வெல்வெட் என்கிற இன்னொரு நோய்க்காக. அதைத் தருகிற அமிலூடினியம் ஒட்டுண்ணி வந்தால் புள்ளி எண்ண முடியாது, உடம்பில் பொன்தூள் தூவினது போல இருக்கும். வெளிச்சத்தில் சாய்வாகப் பார்த்தால்தான் தெரியும். பல சமயம் அதுவும் தெரியாது, செவுளுக்குள் முதலில் போய்விடும். மீன் வேவ்மேக்கர் முன்னால் போய் நிற்கும், வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும், தீனி நிற்கும், இரண்டு மூன்று நாளில் கதை முடியும். அப்படி ஏதாவது தெரிந்தால் விவாதம் எல்லாம் வேண்டாம், அன்றைக்கே மீனைத் தனி மருந்து டேங்குக்கு மாற்றணும்.

கோமாளி மீன் தோல் உரிந்து சளி நூல் நூலாகத் தொங்கினால் அது புரூக்ளினெல்லா என்கிற வேறொரு ஒட்டுண்ணி. செம்பு அதற்குக் கேட்காது, பார்மலின் குளியல்தான். பார்மலின் மூக்குக்கும் நுரையீரலுக்கும் கெட்டது, புற்றுநோய் வரவைக்கும் பொருள். வீட்டுக்குள் வைத்துத் திறக்காதீங்க.

#8 பழவேற்காட்டு_உப்பு

நான் ஆந்திர எல்லைப் பக்கம், இறால் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை. எங்களுக்கு செம்பு என்றாலே அலர்ஜி. உப்பைக் குறைத்துச் செய்யலாமே? உப்பு அடர்த்தி 1.009க்கு இறக்கினால் ஓட்டுக்குள் இருக்கும் இக் வெடித்துப்போகும். மீன் தாங்கும், மருந்துச் செலவும் கிடையாது. தினமும் உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர் பார்த்தால் போதும், எங்கள் பக்கம் அது இல்லாத பண்ணைக்காரர் யாரும் கிடையாது.

#9 அலைவாய்

செய்யலாம், தனி டேங்கில். மெயினில் 1.009க்கு இறக்கினால் நத்தை, இறால், பாறையில் வளர்ந்த உயிர் எல்லாம் காலி. இன்னொன்று, 1.009 என்றால் 1.009தான். 1.011இல் நின்றால் பிழைத்துக்கொள்கிற இக் உண்டு. மிதவை ஹைட்ரோமீட்டர் இந்த வேலைக்கு ஆகாது. ரிஃப்ராக்டோமீட்டரையும் 35 பி.பி.டி. திரவம் விட்டு சரிபார்த்திருக்க வேண்டும், வெறும் தண்ணீரில் பூஜ்யம் பார்த்தால் மட்டும் போதாது. பி.எச். இறங்கும், அதையும் கவனிக்கணும்.

முக்கியமாக, வெல்வெட்டுக்கு இது வேலைக்கே ஆகாது. அந்தச் சனியன் கழிமுகத் தண்ணீரிலும் வாழும். நோய் எது என்று நூறு சதவீதம் தெரியாத வீட்டில் செம்பு இரண்டையும் பிடிக்கும் என்பதால் நான் செம்புக்கே ஓட்டுப்போடுவேன்.

#10 பழவேற்காட்டு_உப்பு

ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் ஏரியில் மழைக்கு முன்னால் ஒரு உப்பு, வடகிழக்குப் பருவமழைக்கு அப்புறம் வேறு உப்பு. அதில் வளர்கிற மீனைப் பார்த்துப் பழகினதால் சொல்லிவிட்டேன். பவுடர் புளூ பவளப்பாறை மீன், அதற்கு அந்தப் பழக்கம் இல்லை.

#11 குழித்துறைக்காரன்

அலைவாய் அண்ணா, அப்போ தனி டேங்க்தான். என்ன வாங்கணும், எப்படிப் பிடிக்கணும்? 6 அடி டேங்கில் வலை வீசி அந்த மூன் ராஸை நான் பிடிக்கிறது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

#12 அலைவாய்

வலையை மறந்துடு மக்கா. துரத்தினால் மீனும் நொந்துபோகும், நீயும் நொந்துபோவாய். சாயங்காலம் பெரிய நீல டிரம் நாலைந்து வாங்கி வை. உணவுப்பொருள் வந்த டிரம்மாகப் பார்த்து வாங்கு, உரம், ஆசிட் வந்தது வேண்டாம். ராத்திரி ஆனதும் பாறையை ஒவ்வொன்றாக எடுத்து டேங்க் தண்ணீர் நிறைந்த டிரம்மில் போடு. எடுக்கும்போது பொந்துகளைப் பார், மூன் ராஸ் ராத்திரி பாறை இடுக்கில்தான் செருகிக்கொண்டு தூங்கும், பாறையோடு சேர்ந்தே வந்துவிடும். அப்புறம் குழாய் போட்டு மிச்சத் தண்ணீரையும் டிரம்முக்கு இறக்கு. தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்கு வந்ததும் மீன் தானாக ஒரு மூலையில் ஒதுங்கும். வலையை விட பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு அள்ளு. பவுடர் புளூவின் வாலடியில் இரண்டு பக்கமும் கத்தி போல முள் இருக்கிறது. வலையில் சிக்கினால் கழற்றுவதற்குள் வலையும் கிழியும், கையும் கிழியும்.

மருந்து டேங்க் 4×1.5×1.5 அடி எடு, 250 லிட்டர் வரும். இதைவிடச் சின்னதில் சர்ஜன் மீன் முட்டிக்கொள்ளும். மணல் வேண்டாம், பாறை வேண்டாம். ஒளிந்துகொள்ள பி.வி.சி. எல்போவும் டீயும் போடு. ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு, மூடி ஒன்று. உன் சம்பில் ஊறின ஸ்பாஞ்ச் ஏதாவது இருந்தால் அதை மாற்றிப் போடலாம், பாக்டீரியா கூடவே வரும். ஆனால் அம்மோனியா ஏறத்தான் செய்யும். தினமும் பார், ஏறினால் தண்ணீர் மாற்று. மாற்றுகிற புதுத் தண்ணீரிலும் அதே அளவு செம்பு கலந்திருக்கணும். அம்மோனியாவைக் கட்டிப்போடுகிற திரவங்களை செம்போடு சேர்க்காதே. கூட்டுச் செம்பைப் பிரித்து விஷமாக்கிவிடும்.

செம்பு வாங்கும்போது லேபிளைப் பார். கிலேட் செய்த (கூட்டுப்பொருள் சேர்த்த) செம்பு என்றால் அளவு 2 முதல் 2.5 பி.பி.எம்., வெறும் செம்பு 0.2தான். குழப்பிக்கொண்டால் பத்து மடங்கு வித்தியாசம். புதுசாக இறங்குபவனுக்கு கிலேட் நல்லது, இடம் கொடுக்கும். முதல் நாளே முழு அளவு ஊற்றாமல் மூன்று நாலு நாளில் ஏற்று. நிறம் பார்க்கிற மலிவு டெஸ்ட் கிட்டை நம்பாதே, டிஜிட்டல் செக்கர் வாங்கு. விலை அதிகம்தான், உன் பவுடர் புளூ விலையோடு ஒப்பிட்டுப் பார்.

#13 நாகர்கோவில்_நீலம்

ஒரு சின்னச் சேர்க்கை. மருந்து டேங்குக்கும் மெயின் டேங்குக்கும் ஒரே வலை, ஒரே பக்கெட், ஒரே ஈரக்கை கூடாது. பத்து அடியாவது தள்ளி வையுங்க, காற்றுக்கல் தெறிக்கிற துளியிலேயே ஒட்டுண்ணி தாவும். பழைய சாமான் என்றால் வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டால் போதும், காய்ந்தால் ஓட்டுக்குள் இருப்பதும் சாகும்.

கிரோமிஸைத் தனியாகக் கவனிங்க. அதற்கு யுரோனீமா என்கிற ஒட்டுண்ணி வந்தால் பக்கவாட்டில் சிவந்த புண் வரும், செம்பு கேட்காது.

#14 கொல்லங்கோடு_கரை

மீன் இல்லாத மெயின் டேங்கை எத்தனை நாள் காலியாகப் போடணும்? யாரும் சொல்லவில்லையே.

#15 அலைவாய்

நம்ம மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்கு 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, டேங்குக்கும் அப்படி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 61 போதாது, 76 நாள். ஓடு கட்டின இக் 72 நாள் வரை கிடந்து குஞ்சு விட்டது ஆய்வில் பதிவாகியிருக்கிறது, அதற்கு மேல் நாலு நாள். 27 டிகிரி சூட்டில் பெரும்பாலும் அதற்கு ரொம்ப முன்னாலேயே முடிந்துவிடும், 45 நாள் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. நான் முழுசாகத்தான் விடுவேன்.

இறால், நத்தை அங்கேயே இருக்கலாம், ஒட்டுண்ணிக்கு மீன் மட்டும்தான் தீனி. வாரத்துக்கு இரண்டு தடவை கொஞ்சம் தீனி போட்டு வையுங்கள், பாக்டீரியா பட்டினி கிடக்கக்கூடாது. "ஒரே ஒரு மீன், அதற்கு நோயே இல்லையே" என்று ஒன்றை விட்டுவைத்தால் 76 நாளும் வீண்.

#16 கொல்லங்கோடு_கரை

யூ.வி. (புற ஊதா) லைட் வைத்தால் இந்தக் கூத்து எல்லாம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னாரே?

#17 அலைவாய்

குழாய் வழியாக வருகிற குஞ்சைத்தான் யூ.வி. கொல்லும். மணலில் பிறந்து பக்கத்தில் தூங்குகிற மீன்மேல் ஏறுகிற குஞ்சு அந்தப் பக்கமே போகாது. கூட்டத்தைக் குறைக்கும், ஒழிக்காது. வாங்க நினைத்தால் வாங்குங்கள், அதை மருந்தாக நினைக்காதீர்கள்.

#18 குழித்துறைக்காரன்

மருந்து டேங்க் சொல்லியாச்சு, நாளைக்கு வரும். இன்னொரு சந்தேகம். இத்தனை தண்ணீர் மாற்ற பாக்கெட் உப்பு கட்டுப்படியாகாது. மெயின் டேங்கை ஒரு தடவை நிரப்பவே 680 லிட்டருக்கு 25 கிலோ உப்பு போச்சு. தேங்காப்பட்டணம் பக்கத்தில்தானே இருக்கிறது, கடல் தண்ணீர் எடுக்கலாமா? மணலும் கூட அங்கேயே அள்ளிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

#19 ரப்பர்தோட்டம்

தேங்காப்பட்டணத்தில் பொழிமுகத்தில் எடுக்காதே. குழித்துறையாறு அங்கேதான் கடலில் விழுகிறது. மழைக்காலத்தில் மேலே நிற்கிற தண்ணீரை நக்கிப் பார்த்தால் கஞ்சித்தண்ணி உப்புகூட இருக்காது. என் மச்சான் வள்ளத்தில் போகிறவன். கரையை விட்டு நல்லா உள்ளே போய், வள்ளத்து டீசல் படாத பக்கமாக எடுத்து வரச் சொல்லு. ஆறு விழாத பக்கம் கிடைத்தால் இன்னும் நல்லது.

#20 அலைவாய்

அண்ணாச்சி, இதுக்கு ஒரு கும்பிடு. இந்த மாதிரி விஷயம் எந்தப் புத்தகத்திலும் வராது.

மணலைப் பற்றி நான் சொல்கிறேன். நம்ம மணவாளக்குறிச்சிக் கரையில் கறுப்பாக, சிவப்பாக மினுங்குகிறதே, அது இல்மனைட், கார்னெட், மோனசைட். இல்மனைட்டில் இரும்பும் டைட்டானியமும், மோனசைட்டில் தோரியம். அதற்காகத்தானே மத்திய அரசின் அரிய மணல் ஆலையே அங்கே இருக்கிறது. பார்க்க அழகுதான், டேங்குக்குள் அதற்கு வேலை இல்லை. அரகொனைட்டோடு நில்லுங்கள்.

#21 பழவேற்காட்டு_உப்பு

இது என் ஏரியா. கடல் தண்ணீர் வந்ததும் ஒருநாள் அசையாமல் வைத்துத் தெளிய விடுங்கள். மேல் தண்ணீரை மெல்லிய ஃபில்டர் பையில் வடித்து, கிருமி சாக சோடியம் ஹைப்போகுளோரைட் (குளோரின்) விட்டு ராத்திரி முழுக்கக் காற்றடிங்கள். மறுநாள் குளோரினை முறிக்க சோடியம் தயோசல்பேட் போட்டு, குளோரின் கிட்டில் பூஜ்யம் காட்டின பிறகுதான் தொட வேண்டும். தயோசல்பேட்டை அதிகமாகப் போட்டால் தண்ணீரில் ஆக்ஸிஜன் இறங்கும், காற்று ஓடிக்கொண்டே இருக்கட்டும். செம்பு கலப்பது எல்லாம் முடிந்த அப்புறம்தான். டிரம்மை மூடி இருட்டில் வைத்தால் பாசி வராது. கடைசியில் உப்பை அளந்து, குறைந்தால் பாக்கெட் உப்பால் 35க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

#22 கொல்லங்கோடு_கரை

பாறையும் நிஜமான லைவ் ராக் (கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் ஒட்டின பவளப்பாறை) என்றால் அழகு கூடுமே. ராமநாதபுரம் பக்கம் எடுத்துத் தருகிற ஆள் எனக்குத் தெரியும்.

#23 மட்டுறுத்துநர்

அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். கடினப் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல்குதிரையும் கடல் அட்டையும் அப்படித்தான். செத்த பவளத்துண்டுக்கும் இதே சட்டம்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இலிருந்து தேசியப் பூங்கா. வேறு யாராவது ஆள் பெயரோ எண்ணோ போட்டால் பதிவு நீக்கப்படும்.

#24 நாகர்கோவில்_நீலம்

அதற்குப் பதில் விழிஞ்ஞம் போய்வாருங்க. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் அங்கே இருக்கிறது, சாகரிகா என்கிற கடல் மீன் காட்சியகமும் உண்டு. கோமாளி மீன் குஞ்சு பொரிக்கிற ஆராய்ச்சி அங்கே நடந்திருக்கிறது. தொட்டியில் பிறந்த கோமாளி எங்கே கிடைத்தாலும் கடலில் பிடித்ததை விட அதை வாங்குங்க. தீனிக்கும் சண்டை போடாது, ஒட்டுண்ணியும் குறைவாகவே கொண்டுவரும்.

#25 குழித்துறைக்காரன்

நிலவரம் சொல்கிறேன். மீன் எல்லாம் மாறியாச்சு. அண்ணா சொன்னபடி மூன் ராஸ் பாறைப் பொந்துக்குள் இருந்தபடியே டிரம்முக்கு வந்துவிட்டது, அதற்கே தெரியவில்லை. கிலேட் செம்பு 2.2இல் நிற்கிறது. பவுடர் புளூ மேல் ஒரு புள்ளியும் தெரியவில்லை, ஆனால் இப்போது ஏமாற மாட்டேன். ஒரு கிரோமிஸ் போய்விட்டது, நீலம் அக்கா சொன்ன அதே சிவந்த புண். நேற்று கரண்ட் போனபோது ஸ்பாஞ்ச் ஃபில்டர் நின்றது, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வாங்கிவிட்டேன்.

மூன் ராஸ் அடிக்கடி கண்ணாடியில் உரசுகிறது, கண்ணும் லேசாக மங்கலாக இருக்கிறது. செம்பு அளவு சரியாக இருக்கும்போது இது என்ன?

#26 அலைவாய்

தட்டைப்புழுவாக இருக்கும், நியோபெனடினியா வகை. அதுவும் செம்புக்கு அடங்காது. ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால் பார்த்தால் தெரியாது. ஆர்.ஓ. தண்ணீரை டேங்க் சூட்டுக்கும் பி.எச்.சுக்கும் கொண்டுவந்து, நன்றாகக் காற்றடித்து, அதில் மீனை ஐந்து நிமிடம் விடு. பக்கெட் அடி கறுப்பாக இருக்கட்டும். எள் அளவில் வெள்ளையாக ஏதாவது உதிர்ந்தால் புழுதான், நல்ல தண்ணீர் பட்டதும் வெளுத்துவிடும். மீன் சாய்ந்து படுத்தால் ஐந்து நிமிடம் பார்க்காதே, உடனே எடு.

புழு என்றால் பிராசிகுவாண்டல், லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். ஒரு தடவை போட்டால் முட்டை தப்பும். அதனால் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. போடுகிற நாளில் காற்றை இரட்டிப்பாக்கு, தண்ணீரில் ஆக்ஸிஜனைக் குறைக்கும்.

#27 குழித்துறைக்காரன்

புழுதான் அண்ணா. கறுப்பு பக்கெட் அடியில் வெள்ளை எள்ளு தூவினது போல. முதல் தடவை மருந்து போட்டாச்சு, கண் தெளிகிறது.

#28 ரப்பர்தோட்டம்

மருந்து முடிந்ததும் அந்தச் செம்புத் தண்ணீரை என்ன செய்வாய்? என் வீட்டுத் தென்னைக்கு ஊற்றலாமா?

#29 பழவேற்காட்டு_உப்பு

உப்புத் தண்ணீர் அண்ணாச்சி, தினமும் ஊற்றினால் மண் கெட்டுவிடும். குளத்திலும் கால்வாயிலும் கொட்டவே கூடாது, நத்தையும் மீன்குஞ்சும் சாகும். கார்பன் போட்ட ஃபில்டரில் இரண்டு நாள் ஓடவிட்டு, செக்கரில் இறங்கினது தெரிந்த பிறகு வீட்டுச் சாக்கடைக்கு, நிறைய நல்ல தண்ணீரோடு. அந்த ஸ்பாஞ்சும் பி.வி.சி.யும் இனி மருந்து டேங்குக்கு மட்டும். பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள் குழித்துறை தம்பி, மெயினுக்குத் தவறிப் போகாமல் இருக்கும்.

#30 குழித்துறைக்காரன்

சிவப்புப் பெயிண்ட் அடித்தாச்சு. மருந்து டேங்க் நிற்கிற இடத்தையும் மாற்றவில்லை, இனி வாங்குகிற ஒவ்வொரு மீனும் முதலில் இங்கேதான் இறங்கும். அடுத்து யெல்லோ டேங் (மஞ்சள் சர்ஜன் மீன்) ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், பவுடர் புளூவோடு ஒத்துப்போகுமா?

#31 நாகர்கோவில்_நீலம்

பவுடர் புளூ முதலில் இடம் பிடித்துவிட்டால் யெல்லோவை அடிக்கும். 76 நாள் முடிந்து, யெல்லோவும் மருந்து டேங்கில் இருந்து தேறிய பிறகு இரண்டையும் ஒன்றாக மெயினில் இறக்குங்க.